நடு அறையில் வண்டி நின்றது

மைதாப் பசையில் காகிதம் ஒட்டி மேடு செய்தால் ஒரே வாரத்தில் கரப்பான்பூச்சி தின்றுவிடும். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆனது. ஆரம்பத்திலிருந்து எழுதச் சொல்லி இன்ஸ்பெக்டர் ஐயா தாள் கொடுத்தார், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் ஆசீர்வாதம். ரயில்வே லெவல் கிராசிங் கேட்டுகளைப் பராமரிக்கும் வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். 1999இல் ஓய்வு பெற்று, விம்கோ நகரில் சொந்த வீட்டில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. நாலு வருடத்தில், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள ரயில் பாதையைச் சின்ன மாதிரியாக இடுப்புயரப் பலகைகளின் மேல் ஹாலைச் சுற்றிப் போட்டேன். இடம் பற்றாமல் சுவரில் ஓட்டை போட்டு நடு அறைக்குள்ளும் கொண்டுபோனேன். எஞ்சினுக்குப் பழைய டேப்ரிக்கார்டர் மோட்டார். நடு அறையின் ஒரே ஜன்னலைப் பலகையால் அடைத்து, அதில் எண்ணூர்க் கழிமுகத்தின் வானத்தை வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். என் மனைவி எல்சி மட்டும், காற்று வரவில்லை என்றாள். அவளுக்கு இழுப்பு உண்டு. இந்தப் பக்கத்துக் காற்றில் பாதிப் பேருக்கு உண்டு.

நடு அறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். ரயில் உள்ளே இருக்கும்போது எல்சி இரண்டு முறை கதவைத் தள்ளி வண்டியைக் கீழே விழவைத்தாள். அதனால் வெளிப்பக்கம் ஒரு தாழ் பொருத்தினேன். வண்டி ஹாலை விட்டு அறைக்குள் போனதும் தாழ் தானாக விழும். வண்டி திரும்பி ஹாலுக்கு வந்தால்தான் தூக்கும். ரயில்வே கேட்டும் அப்படித்தான். வண்டி கடக்கும்வரை, வெளியே ஆம்புலன்ஸ் நின்று கத்தினாலும் கேட்மேனால் திறக்க முடியாது. அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. பாதுகாப்பு என்கிறார்கள்.

கரண்ட் போனால் தாழ் தானே தூக்கிக்கொள்ளும்படியும் செய்திருந்தேன். ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா. நான் யோசனை இல்லாத ஆள் இல்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

எங்கள் மகள் ஷெர்லினைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தோம். அவளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஹாலில் ஒரு திரை போட்டுப் படுக்க வைக்கலாம் என்றேன்.

"ஏங்க, பச்சப் பிள்ளைய ரயிலுக்கு அடியிலயா படுக்க வைக்கிறது? நடு ரூமக் காலி பண்ணுங்க. அந்த ஜன்னலத் தொறங்க. உங்களுக்கு மக வேணுமா, இந்த வெளையாட்டுச் சாமான் வேணுமா?" என்றாள் எல்சி.

விளையாட்டுச் சாமான் என்றதை நான் பொருட்படுத்தவில்லை. யோசிக்கிறேன் என்று சொன்னேன். அவள் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை பலகைகளைப் பிரிக்கத் தச்சர் லட்சுமணனை வரச்சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நடு அறைக்குள் போய்த் தானே ஆரம்பித்தாள். முதலில் கைவைத்தது எண்ணூர்ப் பாலத்தில். அந்தப் பாலம் ஒன்றுக்கே எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து வண்டியை எடுத்தேன். அது சுவர் ஓட்டை வழியாக உள்ளே போனது. தாழ் விழுந்தது.

பாலம் கழன்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. மேடுகளைப் பெயர்த்ததில் உள்ளே ஒரே தூசி. இருமல் தொடங்கியது.

"ஏங்க, கதவத் தொறங்க. மூச்சு முட்டுது. இன்ஹேலர் டிவி மேல இருக்கு, எடுத்துத் தாங்க."

"வண்டி உள்ளே இருக்கு எல்சி" என்றேன்.

பிறகு கதவை மட்டும் தட்டினாள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மா வாசலுக்கு வந்து, "இன்னா சார், எதுவோ தட்ற சத்தம் கேட்டுகினே கீது? அக்கா எங்க?" என்று கேட்டாள்.

"ரயில் ஓடுதும்மா."

"அய்ய, மறுபடியும் ரயிலா? அக்காவ ரொம்ப பேஜார் பண்ணாத சார்" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவள் மேல் தப்பில்லை. அவளை அலையவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் மதியம் தினமும் கரண்ட் போகும். அன்று போகவில்லை. இதை நான் என்ன செய்ய முடியும்? கரண்டை நிறுத்தும் சுவிட்ச் என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது என்பது உண்மை. நான் எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுவது நின்று பத்து நிமிடம் கழித்து சுவிட்சை அணைத்தேன். கதவைத் திறந்தபோது அவள் பாரமாக அதன் மேல் சாய்ந்திருந்தாள். மெதுவாகத் தள்ளித்தான் உள்ளே போனேன். முதலில் பாலத்தை மாட்டினேன், வண்டியை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு கெங்கம்மாவைக் கூப்பிட்டேன்.

முதல் நாள் விசாரணையில், பாலத்தைக் கழற்றியது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது பொய். ஒவ்வொரு திருகாணியும் கழல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி திரும்பாது, தாழ் தூக்காது, இன்ஹேலர் என் பக்கம் இருக்கிறது, எல்லாம் தெரிந்துதான் வண்டியை எடுத்தேன். எல்சியைக் கொன்றது நான்தான். இதை யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை.

ஷெர்லின் வந்திருக்கிறாளாம். என்னைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாளாம். வயிற்றுப்பிள்ளைக்காரி, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நேற்று ஸ்டேஷனுக்கு வந்த கெங்கம்மா இன்னொன்றும் சொன்னாள். நடு அறையில் என் வானத்தைப் பெயர்த்தெடுக்கச் சொல்லி ஷெர்லினும் லட்சுமணனைக் கூப்பிட்டிருக்கிறாளாம். அதை மட்டும் நிறுத்தி வையுங்கள் ஐயா. அவள் நல்ல பிள்ளை, எடுத்துச் சொன்னால் கேட்பாள். நான் வீட்டுக்கு வந்ததும் அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன்.