விளக்கு எரியாத பதினோரு நாட்கள்

உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது சார். இந்த ஜன்னலுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆபீஸிலும் அப்படித்தான். மீட்டிங்கில் நான் பாதியில் எழுந்தால் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். கோபமெல்லாம் இல்லை. கால் நிற்காது, அவ்வளவுதான்.

பெயர் ஜெயசீலன். ஊர் நாகர்கோவில் பக்கம். டெல்லிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சிதான் என் வேலை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் சந்து ஒன்று உண்டு. அதன் முனையில் தண்ணீர்த் தொட்டிச் சுவர் மறைத்து நிற்கும். சந்திலிருந்து வருகிறவருக்கு பஸ் தெரியாது, பஸ்காரருக்குச் சந்து தெரியாது. இரண்டு பேரும் ஹாரனை நம்பித்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். 2003 ஜனவரியில் அந்த இடத்தில் என் சிஸ்டத்தை வைத்தேன்.

அது சிக்கலான விஷயமில்லை. சந்தில் தாருக்கு அடியில் ஒரு கம்பிச் சுருள். அதன்மேல் வண்டி ஏறியதும் முனையில் நிற்கும் கம்பம் ரேடியோ மூலம் பஸ்ஸுக்குச் சொல்லிவிடும். டிரைவருக்கு எதிரே ஒரு பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், கூடவே பீப் என்று சத்தம் வரும். அவர் பிரேக்கை மிதிப்பார். அந்த வழியாகப் போகிற பதினாறு ஆபீஸ் பஸ்களில் பெட்டி பொருத்தினோம்.

முதல் ஒரு மாதம் டிரைவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு பழகிவிட்டார்கள். சத்பீர் என்று ஹரியானாக்காரர் ஒருவர், ஏழாம் நம்பர் பஸ். பெட்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒரு நாள் அவருடன் போனேன். முனை வந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "பத்தீ நஹீ, தோ கோயீ நஹீ, சாப்" என்றார். விளக்கு எரியவில்லையென்றால் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம். என் இத்தனை வருஷ வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. அந்த வாக்கியத்தை அன்றே நோட்டில் எழுதி வைத்தேன்.

ரத்தினவேல் ஐயாவைப் பற்றிக் கேட்டீர்கள். அமைச்சகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், மகனுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். நாங்கள் தாரைத் தோண்டியபோது குடியிருப்புக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்தான் வீடு வீடாகப் போய்ப் பேசிச் சமாதானம் செய்தார். தினமும் காலை ஒன்பது பத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பி கரோல் பாக்கில் ஒரு ஹோமியோபதி டிஸ்பென்சரிக்கு உதவிக்குப் போவார்.

"உங்க பொட்டி இருக்கறப்ப நான் எதுக்குங்க பயப்படோணும்? இப்பெல்லாம் முனையில ஹாரனே அடிக்கறதில்லீங்க" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சந்தில் ஹாரன் சத்தமே நின்றுபோனது.

எட்டு மாதத்தில் ஒரு விபத்துகூட இல்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அறிக்கையை எங்கள் டைரக்டரிடம் கொடுத்தேன். அவர் பழைய போலீஸ் ரெக்கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் அந்த முனையில் பதிவான விபத்து ஒன்றுமில்லை. ஹாரனும் அதிர்ஷ்டமும் காப்பாற்றிய கதையெல்லாம் ரெக்கார்டில் வராது அல்லவா. "முன்னேயும் ஒன்றும் நடக்கவில்லை, இப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் உன் பெட்டி என்ன செய்தது ஜெயசீலன்?" என்று கேட்டார். டிசம்பரோடு கம்பத்தைப் பிடுங்கிவிடலாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் நடந்தேன். லோதி ரோட்டில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து திரும்பி வருவேன். நாற்பது முனைகளுக்கு வரைபடம் தயாராக இருந்தது. ஒவ்வொரு முனையிலும் வருஷத்துக்கு இரண்டு உயிர் என்று வைத்தாலும் எண்பது பேர். அந்த எண்பது பேருக்கும் அப்போது என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும். மருந்தைச் சோதிக்கிறவர்கள் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுப்பார்கள். நான் செய்ததும் அதுதான். சில நாட்களுக்கு விளக்கை மட்டும் நிறுத்தினேன். கம்பமும் சுருளும் பதிவும் வேலை செய்தன. பஸ்ஸுக்குச் செய்தி போகாது, அவ்வளவே. எந்த நாள் என்பதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் அந்த வாரத்து நாட்களை டம்ளரில் சீட்டுப் போட்டு எடுத்தேன். அதில் என் விருப்பம் எதுவும் இல்லை.

டிரைவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் மெதுவாக ஓட்டுவார்கள், பிறகு ஒப்பிடுவதற்கு என்ன இருக்கும்?

விளக்கு எரியாத நான்காவது நாளில் ஒரு காய்கறி வண்டிக்காரர்மேல் பஸ் மோதியது. இடுப்பு எலும்பு உடைந்தது. என் உதவியாளர் மதுமதி பதிவைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். "சார், சுருள் பார்த்திருக்கு, மகர், ஆனா பஸ்ஸுக்கு சிக்னல் போகல. ஏதோ கட்பட், கோளாறு இருக்கு சார். ஜல்தி எல்லாத்தையும் செக் பண்ணலாம்" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை வேறு வேலைக்கு மாற்றினேன். நல்ல பெண். இதில் அவளுக்குச் சம்பந்தமில்லை, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். ஒரு விபத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது சார். தற்செயல் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். அப்புறம் அந்தக் காய்கறிக்காரர் பட்டதும் வீணாகிப் போகும்.

பதினோராவது நாள் நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. நான் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பெரிய ரோட்டில் ஏழாம் நம்பர் பஸ் வருவது, அதன் பெட்டி அனுப்பும் சிக்னலால், திரையில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அதன் வேகம் குறையவில்லை. சந்தில் ஒரு இருசக்கர வண்டி சுருள்மேல் ஏறியது. அதுவும் குறையவில்லை. இரண்டும் முனையில் சந்திக்க நான்கு விநாடி இருந்தது. விளக்கைத் திரும்பப் போட ஒரே ஒரு கீயை அழுத்தினால் போதும். என் விரல் அதன்மேல்தான் இருந்தது.

மணி ஒன்பது பத்து. அந்த நேரத்தில் அந்தச் சந்திலிருந்து வருகிற ஸ்கூட்டர் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அழுத்தியிருந்தால் அன்றைய பதிவு கெட்டுப்போயிருக்கும். பத்து நாள் சேகரித்ததையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். நான்கு விநாடி நீண்ட நேரம் சார். யோசித்து முடிவெடுக்கப் போதுமான நேரம்.

அவர் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார்.

சத்பீரைக் கூட்டம் அடித்தது. போலீஸ் ஸ்டேஷனில் அவர் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: "பத்தீ நஹீ ஜலீ." விளக்கு எரியவில்லை என்று. யாரும் நம்பவில்லை. பெட்டியைப் பரிசோதித்து அறிக்கை தரச் சொல்லி என்னிடமே அனுப்பினார்கள். பெட்டியில் பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, பெட்டி பழுதில்லாமல்தான் இருந்தது. அவருடைய லைசென்ஸ் போனது, வழக்கு இன்னும் நடக்கிறது. ஆபீஸ் வாசலில் ஒரு தடவை என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நான் விளக்கைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன் சாப்" என்று ஹிந்தியில் சொன்னார். எனக்கு அவசரமாக ஒரு மீட்டிங் இருந்தது.

நாற்பது முனைகளுக்கும் அனுமதி வந்துவிட்டது. விளக்கு எரிந்த நாட்களில் விபத்து பூஜ்யம், எரியாத பதினோரு நாட்களில் இரண்டு. டைரக்டர் அட்டவணையைப் பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கினார். எரியாத நாட்களை இயந்திரக் கோளாறு என்று குறித்திருந்தேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

இதெல்லாம் எப்படி வெளியே வந்தது என்று உங்களுக்கே தெரியும். ரத்தினவேல் ஐயா வீட்டுப் பதினாறாம் நாள் காரியத்துக்கு என் மனைவி ஃபெபியும் வந்திருந்தாள். அவள் லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். நாங்கள் இருப்பதும் அதே குவார்ட்டர்ஸ்தான், அவள் ஸ்கூட்டியில் போவதும் அதே சந்து வழியாகத்தான். அங்கே மதுமதியிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள்.

"சந்துல ரோடு தோண்டுதாவன்னு எங்க வீட்டுல இவிய சொன்ன அன்னைக்கெல்லாம் நான் பின் கேட் வழியா சுத்திப் போனேன் பிள்ளே. இந்த ஐயாவுக்கு விபத்து நடந்த அன்னைக்கும் அப்படித்தான் போனேன். அந்த வழியா போயிருந்தா என் கதி என்ன ஆயிருக்குமோ."

"ரோடு எங்கே தோண்டினாங்க ஆன்ட்டி? நான் டெய்லி அங்கே போறேனே" என்றாளாம் மதுமதி.

பின் கேட் வழியாகப் போனால் இருபது நிமிஷம் கூடுதல். அந்த நாட்களில் எல்லாம் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஃபெபி பெயருக்கு நேரே சிவப்பு மையில் லேட் என்று இருக்கிறது. மதுமதி எண்ணிப் பார்த்தாள். பதினோரு நாள். கம்பத்தின் பதிவோடு ஒரு தேதிகூட மாறவில்லை. பதிவேட்டின் நகலை எடுத்து அவளிடமும் பிறகு உங்களிடமும் கொண்டுவந்து கொடுத்தது ஃபெபிதான் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள்.

யாருக்காவது உயிராபத்து வரும் என்று முன்கூட்டியே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது என்றே எழுதிக்கொள்ளுங்கள் சார். தெரிந்திருந்தால் எந்த மனிதனாவது இதைச் செய்வானா? ஃபெபியை அந்த வழியாகப் போக வேண்டாம் என்று சொன்னது வேறு விஷயம். கட்டிய மனைவிக்கு எந்தப் புருஷனும் செய்கிற சாதாரணக் காரியம் அது.