கரப்பான் சட்டையில் கார் ஓட்டிய இருதயராஜ்

என் பெயர் இருதயராஜ், வயது 58, தகப்பனார் பெயர் சவரிமுத்து. மண்ணூர்பேட்டை, மாதா கோயில் தெரு, கதவு எண் 14-இல் மனைவி ராஜகுமாரியோடு குடியிருந்து வருகிறேன். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் நான் வேலை பார்க்காத கம்பெனி இனிமேல்தான் கட்டப்பட வேண்டும் என்று சொன்னேன். இதை எழுதிக்கொள்ளும் காவலர் திருமுருகன் அவர்கள், "அண்ணாத்தே, கோர்ட்டுக்குப் போற பேப்பரு, அளவா சொல்லு" என்றதால், பதினேழு இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன் என்று திருத்திச் சொல்கிறேன்.

முகப்பேர் செண்பகா அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு மேற்பார்வையாளர் வேலை காலி என்று தெரியவந்தது. எல்லா வேலையும் தெரிந்தவராக இருக்க வேண்டும், அனுபவச் சான்றிதழ் கட்டாயம் என்று அறிவிப்பில் இருந்தது. எல்லா வேலையும் தெரிந்தவர் என்றால் என்னை விட்டால் இந்தப் பூமியில் ஆள் இல்லை. சான்றிதழ்தான் இல்லை. நான் இருந்த கம்பெனிகளில் ஐந்தை மூடிவிட்டார்கள், மூன்று கம்பெனிகள் பெயரை மாற்றிக்கொண்டன, மற்றவை காண்ட்ராக்ட். ஒரு முதலாளியைத் தேடிப் போய்க் கேட்டதற்கு, எங்கேயாவது வேலை இருந்தால் தனக்கும் சொல்லச் சொன்னார். இந்த வயதில் இனி எவனும் கேட்டைத் திறக்க மாட்டான் என்பதால், நேரில் பேசிப் பார்க்கலாம் என்று குடியிருப்புச் செயலாளர் ரகுநாதன் அவர்களிடம் இன்று காலை பதினோரு மணிக்கு நேரம் வாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குத்தான் பட்டு, வேலை கேட்டுப் போகக் கம்பெனிச் சட்டை. "பேரு போட்ட சட்டைய மாட்டிகினு போ, அப்பதான் மருவாதி" என்று என் மனைவி, கரப்பான் மருந்து கம்பெனியில் எனக்குக் கொடுத்த பச்சைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். அதன் முதுகில் ஒரு கரப்பான் மல்லாந்து செத்துக் கிடக்கும். என்னிடம் காலர் கிழியாத சட்டை அது ஒன்றுதான்.

நான் பத்து மணிக்கே போய்விட்டேன். கேட்டில் இருந்த காவலாளி தங்கராஜ் என் முதுகைப் பார்த்துவிட்டு, "வா நைனா! மூணாவது மாடி அம்மா ஒரு வாரமா கத்திகினு கீது, ஓடு" என்று பதிவேட்டில் கையெழுத்துகூட வாங்காமல் லிஃப்டில் ஏற்றிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

அதன் பிறகு மூன்றாவது மாடியில் சுசீலா என்ற அம்மையார், "வர்றேன் வர்றேன்னு எத்தனை நாளுப்பா? சிங்க்குக்கு அடியில பாரு, குடும்பம் குடும்பமா இருக்கு" என்று சமையலறைக்கே கூட்டிப்போனார். கையில் ஒரு மணி நேரம் இருந்தது, தொழிலும் தெரியும், எதிரியும் கண்முன்னே நின்றான். மருந்து இல்லாததால், அவர்கள் கேரம் போர்டுக்கு வைத்திருந்த போரிக் பவுடரை வாங்கி, மைதாவும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்து மூலைக்கு மூலை வைத்தேன். அங்கே ஐயாயிரம் கரப்பான்கள் அணிவகுத்து நின்றன. காவலர் கேட்டுக்கொண்டதன் பேரில் நாற்பது என்று எழுதச் சம்மதிக்கிறேன்.

அதன் பிறகு வெளியே வந்தபோது, எதிர் வீட்டு ஹேமநாதன் என்பவர் "மாஸ்டர்!" என்று கட்டிப்பிடித்தார். அவர் ஆவடி ஃபேக்டரியில் ஓய்வுபெற்றவர். பூந்தமல்லி டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு எட்டு போடக் கற்றுக்கொடுத்தவன் நான். "கார எடுத்து ரெண்டு மாசமாச்சு மாஸ்டர், பேட்டரி படுத்துடும் போலிருக்கு. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, நான் குளிச்சிட்டு வந்துடறேன்" என்று சாவியைக் கொடுத்தார். சிஷ்யன் கேட்டு குருவால் மறுக்க முடியவில்லை.

காரைப் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டித் திரும்பியபோது பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. வேலைக்கு வரும் ஆளை எதிர்பார்த்து ரகுநாதன் அவர்கள் கேட்டில் நின்றிருந்தார். ஹேமநாதன் காரைப் பச்சைச் சட்டை போட்ட யாரோ ஓட்டி வருவதைக் கண்டதும் குறுக்கே பாய்ந்தார். சாவி கொடுத்தது அவர்தான் என்று நான் சொன்னதும் ரகுநாதன் போன் போட்டார், ஹேமநாதன் குளியலறையில் இருந்ததால் எடுக்கவில்லை. அதன் பிறகு ரகுநாதன் என்னைப் படம் பிடித்து, இவர் யார் என்று கேட்டுக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பூச்சி மருந்துக்காரர் என்று சுசீலா அம்மையார் பதில் போட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணத்துச் சமையல்காரர், ரசம் அமிர்தம் என்று ஒருவர். மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் டிரைவர் என்று ஒருவர். மெட்ரோ வேலை நடந்த இடத்தில் சிவப்புக் கொடி காட்டியவர் என்று இன்னொருவர். ஜவுளிக்கடை வாசலில் கரடி வேஷத்தில் நின்றவர், தலையைக் கழற்றி டீ குடிக்கும்போது பார்த்தேன் என்று கடைசியாக ஒருவர்.

"ஒரே மூஞ்சி, அஞ்சு வேலை! இவன் சாதாரணத் திருடன் இல்ல" என்றார் ரகுநாதன். "சார், பதினோரு மணிக்கு வேலை கேட்டு வர்றேன்னு சொன்ன ஆளு நான்தான்" என்றேன். "இது ஆறாவதா?" என்று கேட்டுவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டார்.

அதன் பிறகு நிலையத்தில் உதவி ஆய்வாளர் ஷர்மிளா அவர்கள், "இதுல எதுய்யா நிஜம்?" என்றார். எல்லாமே நிஜம் என்றேன். "ஒரே ஆளு எப்படிய்யா இத்தனை வேலை பார்ப்பே?" என்றார். "ஒரு வேலைல வெச்சிகினா நான் ஏன் மேடம் அலையறேன்?" என்றேன். அவர் வருஷ வாரியாகச் சொல்லச் சொன்னார். அதன்படி 1985 முதல் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் கம்பெனி, அதன் பிறகு பிஸ்கட் பேக்கிங், அதன் பிறகு லிஃப்ட் மாட்டும் வேலை, டிரைவிங் ஸ்கூல், சமையல், ஆம்புலன்ஸ், கரப்பான், கரடி, கொடி, இடையில் பதினொரு நாள் சாப்பாடு டெலிவரி என்று பதினேழையும் ஊர், வருஷம், விலகிய காரணம் உட்படச் சொன்னேன். அவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. கரடி வேலையிலிருந்து விலகிய காரணம் மே மாதம்.

இதற்கிடையில் ஹேமநாதன் ஈரத் தலையோடு ஆட்டோவில் வந்திறங்கி, சாவியைக் கொடுத்தது தான்தான் என்று சொன்னார். ரகுநாதன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால், "கார் விஷயம் சரி. சர்டிஃபிகேட் இல்லாத ஆளைச் சேர்த்தா கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று எழுந்தார்.

அதன் பிறகு நான், இந்த வாக்குமூலத்தின் நகலில் நிலைய முத்திரை வைத்துத் தரும்படி கேட்டேன். "யோவ், இது வாக்குமூலம், பயோடேட்டா இல்ல" என்றார் உதவி ஆய்வாளர். "இதுல பொய் சொன்னா உள்ள வெப்பீங்க இல்ல மேடம்? எந்தக் கம்பெனி லெட்டர்ல அந்த கேரண்டி கீது?" என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார்.

ரகுநாதன் மறுபடி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இணைத்த தாளை இரண்டு முறை படித்தார். "ஜெனரேட்டர் பத்தி ஒண்ணுமே காணோமே?" என்றார்.

எனவே, 2001 முதல் 2004 வரை அம்பத்தூரில் ஜெனரேட்டர் பழுதுபார்த்து வந்தேன் என்பதும் புகார்தாரர் கேட்டுக்கொண்டதன் பேரில் பதினெட்டாவதாகச் சேர்க்கப்படுகிறது. இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் ஒரு முறை படித்தேன். கரப்பான் எண்ணிக்கை நீங்கலாக யாவும் நான் சொன்னபடியே உள்ளன, யாவும் உண்மை.

(ஒப்பம்) ச. இருதயராஜ்

என் முன்னிலையில்: ஷர்மிளா, உதவி ஆய்வாளர்
நகல் ஒன்று பெற்றுக்கொண்டேன்: ரகுநாதன், செயலாளர்