பக்கம் நாற்பத்திரண்டு, செல்லரித்தது

செஞ்சியில் சித்திரை மாதத்தில் மின்விசிறி இல்லாமல் உட்காரக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான். அது நான் வேலை பார்க்கும் பண்ணை ஆவண அறை. முழ அகலச் சுவர், ஒரே சன்னல், வடக்குப் பக்கம் ஓயாத ஈரம். வெளியே கோட்டைப் பாறையெல்லாம் தோசைக்கல்லாகக் காயும்போது நான் உள்ளே முழுக்கைச் சட்டையோடு இருப்பேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

என் பெயர் இளையபெருமாள். பண்ணைக் குடும்பத்தின் பழைய காகிதங்களுக்கு முப்பத்தோரு வருஷமாக நான்தான் காவல். கிரயப் பத்திரம், குத்தகைச் சீட்டு, ஜில்லா போர்டு கடிதம், பெரிய பண்ணையாரின் மூன்று சம்சாரங்கள் ஒருவர்மேல் ஒருவர் எழுதிய புகார்கள், எல்லாம் உண்டு. அந்த வம்சத்தில் ஒருவரும் இவற்றைப் படித்ததில்லை. படித்திருந்தால் பாதிப்பேர் வெட்கத்தில் ஊரைவிட்டே போயிருப்பார்கள்.

பங்குனி மாதம் மீனம்பாள் வந்தார். அரசுப் பள்ளி ஆசிரியை. ஏரிக்கரையில் அவர்கள் நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்று பண்ணையின் இன்றைய வாரிசு ரஞ்சித்துக்கு ஆசை. மலை பின்னால் தெரிந்தால் போட்டோ நன்றாக விழுமாம். பட்டா இன்னும் பண்ணை பெயரில்தான். காகிதம் காட்டு, இல்லாவிட்டால் காலி செய் என்று நோட்டீஸ் விட்டிருந்தான்.

“எங்க தாத்தா பொன்னுசாமிக்குப் பெரிய பண்ணையாரு எழுதிக் குடுத்தாராம் சார். நைனா அதையே சொல்லிக்கினு இருக்காரு. கொஞ்சம் பாருங்க.”

“தேடணும்மா. ரெண்டு வாரம் ஆவும்” என்றேன்.

அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். காலரா வந்த வருஷம் பண்ணை வீட்டுப் பிணங்களைத் தொட உறவுக்காரன் ஒருவனும் வரவில்லை. பொன்னுசாமி தனி ஆளாக ஐந்து பேரைத் தூக்கிப் புதைத்திருக்கிறார். அதற்கு நன்றியாக இரண்டு ஏக்கர். அருமையான கையெழுத்து. படித்ததும் எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

நான் எதையும் கிழிக்கவில்லை, கொளுத்தவில்லை. அந்தப் பக்கத்தை விரித்துப் பதிவேட்டை வடக்குச் சுவர் ஓரம் வைத்தேன். தினமும் டீ குடிக்கப் போகும்முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். மற்றதெல்லாம் கறையானின் சொந்த முடிவு. பதினோரு நாள் ஆயிற்று.

பிறகு சான்று எழுதினேன். வேறு இடங்களில் ‘ஆவணம் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி கிறுக்கித் தள்ளிவிடுவார்கள். சோம்பேறிகள். என் சான்று முழுசாக இருக்கும்: பதிவேடு ஏழு, பக்கம் நாற்பத்திரண்டு. பொன்னுசாமிக்கு வம்சபரம்பரையாக ஆண்டு அனுபவிக்க ஏரிக்கரையில் இரண்டு ஏக்கர். கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே பனைவரிசை, தெற்கே மதகு. பெரிய பண்ணையார் கையொப்பம். மேற்படி பக்கம் செல்லரித்துவிட்டபடியால் நகல் தர இயலாது. கீழே என் கையெழுத்து, பண்ணை முத்திரை.

ரஞ்சித் கடைசி வரியை மட்டும் படித்தான். மீனம்பாளும் அதை மட்டும் படித்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். இந்த ஊரில் எவனுக்கும் ஒரு தாளை முழுக்கப் படிக்கப் பொறுமை கிடையாது.

மறுவாரமே ஜேசிபி வந்தது. மீனம்பாளின் தகப்பனார் பெரியதம்பி, எண்பத்து மூன்று வயது, இடிந்த வீட்டுக்கு எதிரே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். வெயில்தான் காரணம் என்றார்கள். வெயிலுக்கு நான் என்ன செய்ய முடியும்?

சாவுக்குச் சென்னையிலிருந்து வந்த மீனம்பாள் மகள் ஜெயஸ்ரீ, காரியம் முடிந்த மறுநாள் சான்றோடு என் முன்னால் நின்றாள். முழுசாகப் படித்திருந்தாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“பக்கத்தையே செல்லு தின்னுட்டுச்சுன்னு எழுதிக்கிறீங்க. அப்ப நாலு எல்லையும் இன்னான்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“நானே படிச்சேம்மா.”

“எப்ப?”

பங்குனி ஒன்பது என்றேன். தேதியில் நான் தப்புச் சொல்வதில்லை. அவள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது அந்தச் சான்றே அவர்களுக்குப் பத்திரமாகிவிட்டது என்கிறீர்கள். இருக்கட்டும். நன்றாக எழுதப்பட்ட சான்று அது.

இது ஒன்றுதானா என்று கேட்டீர்கள். இல்லை, பதினைந்தாவது. மீதிப் பதினான்கின் நகல்களும் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் தேதிவாரியாக இருக்கின்றன. சான்று வாங்கிய எல்லாரும் ஒரே தெருவா என்றால், ஆமாம். அது தற்செயல்.

ரஞ்சித் சொல்லிச் செய்யவில்லை. அவனுக்குக் கறையானைப் பற்றி என்ன தெரியும்? காசும் வாங்கவில்லை. சாதியா என்று கேட்கிறீர்கள். என்ன பேச்சு சார் இது, நான் அப்படிப்பட்டவனே இல்லை. அந்த அம்மாவை ‘வாங்க’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் வந்ததும், நான் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அந்தத் தெருவிலிருந்து வந்து அதில் உட்கார்ந்த முதல் ஆள். நான் முகம்கூடச் சுளிக்கவில்லை. அவர் போனபிறகு நாற்காலியை மூன்று முறை கழுவினேன். மர நாற்காலி, ஈரத்தில் கறையான் பிடித்துவிடக் கூடாதே என்று வெயிலில் காயவைத்தேன். அவ்வளவுதான்.