கதவை வாயாக வைத்த புலி

பண்ணைக்காரர்: …அதெல்லாம் முடியாது மாப்ளே. புலியை இன்னிக்கே அழிச்சாகணும்.

பெயின்டர்: நேத்து சாயங்காலம்தானே மாமா முடிச்சேன்! இன்னும் முழுசா காயக்கூட…

பண்ணைக்காரர்: அது காயறதுக்குள்ள என் பொழைப்பு காஞ்சிடும். காலையிலேருந்து ஒரு சொட்டு பால் இல்லை. பால் வண்டிக்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுப் போயிட்டான்.

பெயின்டர்: நீங்கதானே கேட்டீங்க? பக்கத்துப் பண்ணைக்காரன் தொழுவத்துல பூ வரைஞ்சிருக்கான், அவன் வயிறு எரியணும்னு…

பண்ணைக்காரர்: புலி கேட்டேன். தொழுவத்துக் கதவையே அதுக்கு வாயா வைக்கச் சொன்னேனா?

பெயின்டர்: சுவத்துல நட்டநடுவுல கதவு இருக்கு. நான் என்ன பண்ண? சுத்தி பல்லு, மேல ரெண்டு கண்ணு… அம்சமா அமைஞ்சு போச்சு.

பண்ணைக்காரர்: நல்லா அமைஞ்சுது! மாடெல்லாம் மிரண்டு போய் பாலை அடக்கிக்கிச்சு.

பெயின்டர்: மிரண்டுச்சா? அங்க பாருங்க… செவலை வாசல்ல நின்னு புலிப் பல்லுல கழுத்தைச் சொறிஞ்சுக்குது.

பண்ணைக்காரர்: அது… பயத்துல சொறியுது.

பெயின்டர்: மாமா…

பண்ணைக்காரர்: என்னடா?

பெயின்டர்: மடி கனத்துல கத்துது, பாவம். காலையில கறக்கப் போனீங்களா, இல்லையா?

பண்ணைக்காரர்: போனேனே…

பெயின்டர்: உள்ளயா?

பண்ணைக்காரர்: வாசல் வரைக்கும்.

பெயின்டர்: அடக் கடவுளே!

பண்ணைக்காரர்: சிரிக்காதே! ஒரு காலை எடுத்து வச்சேன்… மேல்பல்லு தலைக்கு மேல… வச்ச காலை அப்படியே பின்னால எடுத்துட்டேன். உங்கக்கா சந்தையிலேருந்து வந்தா மூச்சு விட்டுடாதே. மாட்டுக்குத்தான் பயம்னு சொல்லி வச்சிருக்கேன்.

பெயின்டர்: பெயின்ட் டப்பாவுலேருந்து வந்த புலி மாமா அது!

பண்ணைக்காரர்: எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே!

பெயின்டர்: கண்ணை மூடிக்கிட்டு சட்டுனு நுழைஞ்சிடுங்க.

பண்ணைக்காரர்: மூடினா முழுங்கற மாதிரியே இருக்குடா. நீ என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போ. செவலை கத்தறதைக் கேட்டா எனக்கு அழுகையே வருது.

பெயின்டர்: நானா? இல்ல… எனக்கு நேரமாச்சு, கிளம்பணும்.

பண்ணைக்காரர்: விடிஞ்சதுலேருந்து இதையேதான் சொல்லிக்கிட்டு முற்றத்தைச் சுத்தறே! கிளம்பறவன் வண்டியை எடுக்க வேண்டியதுதானே?

பெயின்டர்: எடுக்கலாம்… பெயின்ட் தெறிக்கும்னு அதைத் தொழுவத்துக்குள்ள விட்டுத் தொலைச்சிருக்கேன். ஏன் மாமா… அக்கா எப்ப வரும்?