பொடியாக நறுக்கிய சோளத்தட்டு

வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டேன்.

“மூச்சு நல்லாத்தானுங்க்கா இழுத்துச்சு. டாக்டர் ஊசியில எடுத்த ரத்தங்கூட செக்கச்செவேல்னு இருந்துச்சு. ஆனாலும் மாடு செத்துப்போச்சு.”

“என்ன அம்மணி போட்டே?”

“சோளத்தட்டுங்க. மழையில்லாம முழங்கால் உசரத்துல நின்னுபோனது.”

“பச்சையாவா? அது வெசமாச்சே.”

“தெரியுமுங்க. ஒரு கத்தைதானேன்னு நெனச்சுப்போட்டேன். எலைக்குள்ள வெசச்சத்து ஒருபக்கம், அதைப் பிரிக்கிற என்சைம் ஒருபக்கம்னு தனித்தனியா இருக்குமாம். எலை நசுங்குனா ரெண்டும் சேந்து வெசம் கெளம்பிருமாம். அப்புறம் ரத்தத்துல எவ்வளவு மூச்சுக்காத்து இருந்தாலும், ஒடம்பு அதை எடுத்துச் சக்தியாக்க முடியாதாம். டாக்டர் சொன்னாரு.”

மூத்தவர் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“மென்னாத்தான நசுங்கும்? உங்க மாட்டுக்குத்தான் பல்லே இல்லியே.”

இளையவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மென்னு திங்கச் சங்கடப்படுமேன்னு, நாந்தானுங்க்கா பொடிசா நறுக்கிப் போட்டேன்.”