கோழி வண்டிக்கு அறுத்த வழி

என் பெயர் ஜெயம்மாள், வயது முப்பத்தொன்று, கணவர் பெயர் தங்கதுரை. தென்னாற்காடு மாவட்டம், கள்ளக்குறிச்சி தாலுகா, சின்னசேலத்துக்கு மேற்கே மேட்டுக்கொட்டாயில் குடியிருந்து வருகிறேன். கொஞ்சம் மேட்டு நிலம் உண்டு, கடலையும் கம்பும் வைப்போம். இட ஒதுக்கீடு கேட்டு இந்தப் புரட்டாசியில் நடந்த சாலை மறியலின்போது எங்கள் ஊர்த் திருப்பத்தில் புளியமரத்தை அறுத்து ரோட்டில் போட்டதாக என் கணவர் மீதும், பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியின் மகன் அறிவுச்செல்வன் மீதும் போலீசார் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அது சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததை நடுவர் அவர்கள் முன் நானாக வந்து சொல்கிறேன். வரச்சொல்லி யாரும் அனுப்பவில்லை. வரக்கூடாது என்றுதான் என் கணவர் சிறையில் என்னிடம் சொன்னார்.

ஆவணி மாதம் சின்னசேலத்தில் கறிக்கடை வைத்திருக்கும் அன்சர் என்பவர், தன் தங்கையின் நிக்காஹ் விருந்துக்கு பிராய்லர் கோழி வளர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். குஞ்சும் தீனியும் அவரே இறக்கினார். எங்கள் பக்கம் அதுவரை யாரும் பிராய்லர் வளர்த்தது கிடையாது. என் கணவர் வேண்டாம் என்றார், நான்தான் பிடிவாதமாக ஒத்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவருடைய நிலம், அவருடைய மாடு என்றுதான் வேலை செய்திருக்கிறேன். என் பேரில் ஒன்று நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

அதன் பிறகு மாட்டுக் கொட்டகையில் பாதியைக் கீற்று வைத்துத் தடுத்து, தரையில் கடலைத்தோல் பரப்பி, குண்டு பல்பு தொங்கவிட்டுக் குஞ்சுகளை விட்டோம். பாப்பாத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னாடி ஜெயா, கரண்டு வுட்டு கோழி வளக்கிற? ஃபேனு எப்போ போடப் போற?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்தாலும் தினமும் வந்து தண்ணீர் மாற்றிக் கொடுத்தது அவள்தான். அவளுக்குக் கணவர் இல்லை. அறிவுச்செல்வன் ஒரே பிள்ளை, படித்துவிட்டு சர்க்கார் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான்.

குஞ்சுகள் கண்ணெதிரே பெருத்தன. நாட்டுக்கோழி ஆறு மாதத்தில் பிடிக்கும் சதையை இவை ஒரு மாதத்தில் பிடித்துவிட்டன. அன்சர் வந்து பார்த்து, நிக்காஹுக்கு முந்தின நாள் காலையில் வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போனார். அதற்குள் மறியல் தொடங்கி, ரோடெல்லாம் மரம் விழுந்து, பஸ், லாரி எதுவும் ஓடவில்லை. எங்கள் ஊர்த் திருப்பத்தில் இருந்த புளியமரத்தையும் அடியில் கோடாலி போட்டுச் சாய்த்தார்கள். சாய்த்தவர்கள் பெயரைக் கேட்டால் சொல்லமாட்டேன். என் கணவர் மற்றவர்களோடு ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டார், அதை மறைக்கவில்லை. கோடாலி பிடிக்கவில்லை.

அதன் பிறகு தீனி தீர்ந்துவிட்டது. கம்பும் தவிடும் வைத்தோம், தின்றுவிட்டு மறுபடி கத்தின. பசி தாங்காமல் ஒன்றை ஒன்று கொத்தி, சிலது செத்தும் போயின. நம் கோழி மேய்ந்து வயிற்றைக் கழுவிக்கொள்ளாதா, இது மட்டும் என்ன என்று நினைத்து எல்லாவற்றையும் குப்பைமேட்டில் திறந்து விட்டேன். ஒன்றுகூடக் காலால் கிளறவில்லை, விட்ட இடத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டன. சாயங்காலம் "பா, பா" என்று கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கவில்லை. நானும் பாப்பாத்தியும் அறிவுச்செல்வனும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். புரட்டாசியில் ஊரில் யாரும் கவுச்சி தொடமாட்டார்கள் என்பதால் அறுத்துக் கொடுக்கவும் வழியில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொட்டகைக்கும் திருப்பத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அந்தச் சமயம் அன்சர் சைக்கிளில் ஆள் அனுப்பினார். குறுக்குப் பாதையாகத் திருப்பம் வரை வண்டி வந்துவிடும், அங்கே ஒரு வண்டி நுழைய வழி இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். மறியலை நடத்திய சங்கத்துக்காரர் சின்னதுரையிடம் நான் போய்க் கேட்டேன். "பசங்களுக்கு வேலை கேட்டு ஊரே ரோட்ல குந்திக்கினு இருக்குது, நீ கோழிக்கு வழி கேக்கிறியா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து, என் அப்பா வைத்துவிட்டுப் போன இழுப்பு ரம்பத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். என் அப்பா மரம் அறுக்கும் தொழில் செய்தவர். மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், காவலிருந்தவர்கள் வீடுகளுக்குப் போயிருந்தபோது, ரோட்டில் கிடந்த மரத்தின் நடுவில் ஒரு வண்டி அகலத்துக்கு இரண்டு இடத்தில் அறுத்து, துண்டை ஓரமாக உருட்டி வழி செய்யப்பட்டது. வேலை முடிந்ததும் என் கணவர் வண்டியை எதிர்பார்த்து அங்கேயே நிற்க, நான் கோழிகளைக் கூடையில் அடைக்க வீட்டுக்கு ஓடி வந்தேன். முதல் கூடையை அறிவுச்செல்வன் தலையில் ஏற்றி, "மாமாகிட்ட குடுத்துட்டு ஓடியாந்துடு" என்று நான்தான் அனுப்பினேன். எதற்கு அங்கே வழி இருக்கிறது, யார் செய்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

கோழி வண்டி வரவில்லை. எங்கள் வழியில் முதலில் நுழைந்தது போலீஸ் ஜீப். ரம்பத்தோடு நின்ற என் கணவரையும், கூடையோடு நின்ற அறிவுச்செல்வனையும் பிடித்து ஏற்றினார்கள். கூடை கவிழ்ந்து கோழிகள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டன. ஹாரன் அடித்தும் நகரவில்லை. அதன் பிறகு ஜீப் ஊருக்குள் போய், வீடு வீடாக ஆண்பிள்ளைகளைத் தேடியது. பலர் மலைப்பக்கம் ஓடினார்கள். இரண்டு நாள் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

என் கணவர் தான் ஒருவனே அறுத்ததாகச் சொல்லியிருக்கிறார். இழுப்பு ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் பிடி, இரண்டு ஆள் இல்லாமல் இழுக்க முடியாது, ஆகவே இன்னொரு ஆள் அறிவுச்செல்வன்தான் என்று போலீசார் எழுதிவிட்டார்கள். இரண்டு ஆள் வேண்டும் என்பது உண்மை.

சிறைக்குப் போய் நான் பார்த்தபோது என் கணவர், "மறிச்சவன்னு உள்ள இருந்தா ஊரு உனக்கு சோறு போடும். வழி வுட்டவன்னு வெளிய வந்தா தண்ணி கூட தராது. நீ வாயத் தொறக்காத" என்றார். அவர் சொன்னபடிதான் நடக்கிறது. அந்த வழியைப் போலீசாரே அறுத்து நுழைந்ததாக ஊர் நினைக்கிறது. ஊரில் முறை வைத்து எனக்குச் சோறு கொண்டுவருகிறார்கள். முந்தாநாள் பாப்பாத்தியின் முறை. "நம்ம ஆளுங்க ஊருக்காவத்தான் உள்ள குந்திக்கினு இருக்குதுங்க, நீ துன்னு" என்றாள். அன்று காலையில்தான் அவள் மகனுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்திருந்தது. வழக்கு இருந்தால் எடுக்கமாட்டார்களாமே என்று என்னிடம் கேட்டாள். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

ரோட்டை மறிக்கிறவர் மரத்தை அடியில் வெட்டுவார். நடுவில் அறுக்கிறவர் வழி விடுகிறவர். அந்த மரம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, அடியில் கோடாலித் தடமும் நடுவில் ரம்பத் தடமும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். என் கணவர் ரோட்டை மறிக்க அறுக்கவில்லை, திறக்க அறுத்தார். ரம்பத்தின் அந்தப் பக்கத்துப் பிடியைப் பிடித்தது அறிவுச்செல்வன் அல்ல. நான். சிறுவயதில் என் அப்பாவுக்கு எதிரில் நின்று இழுத்துப் பழகியவள். இப்போது ஒரு ரம்பத்தைக் கொடுத்தாலும் இழுத்துக் காட்டுவேன்.

நான் சொன்னதை எழுத்தர் படித்துக் காட்டினார். அதில் "கணவரின் கட்டாயத்தின் பேரில்" என்று ஓரிடத்தில் இருந்தது. கட்டாயப்படுத்தியது நான், அவர் அல்ல என்று சொன்னேன், அந்த வரி அடிக்கப்பட்டது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. பாப்பாத்தி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறாள். அவள் மகனுக்காகச் சாட்சி சொல்லப்போகிறேன் என்று மட்டும் சொல்லி அழைத்து வந்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் கையெழுத்துப் போட்ட பிறகு இதை முதலிலிருந்து அவளுக்கு ஒரு முறை படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

(ஒப்பம்) த. ஜெயம்மாள்