மை இல்லாத விரல்

வாக்குப்பதிவு நாளன்று பிற்பகல், சேலையூரிலிருந்து தாம்பரம் வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயதுப் பெண் ஒருவரும், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவருடைய தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் போறதுக்கு முன்னாடியே நான் ஓட்டு போட்டுட்டேனாம்டா" என்றார் அந்த அம்மாள், மை இல்லாத இடது ஆள்காட்டி விரலை நீட்டி.

"விடுக்கா. நம்ம ஊர்ல இதெல்லாம் சகஜம்."

"உங்க ஊர்ல தேர்தல்ல மோசடின்னு ரோட்டுல நின்னு போட்டோ அனுப்பினியே, அது?"

"அது வேற. அங்க கேள்வி கேக்கறது ஜனநாயகம்."

"அங்க கேட்டா ஜனநாயகம், இங்க கேட்டா பேஜாரா?"

"இப்ப போய் என்ன பண்ணுவ? உன் ஓட்டுதான் போயிடுச்சே."

"நம்ம பேர்ல வேற எவனாவது போட்டுட்டா, நமக்குத் தனி வாக்குச்சீட்டு தரணும்னு சட்டம் இருக்கு. பூத்துல இருந்த ஆபீசருங்க அதச் சொல்லவே இல்ல. நான் கேட்டு வாங்கறேன்."

அடுத்த நிறுத்தத்தில் அவர் எழுந்துவிட்டார்.

"இந்த வெயில்ல தனியா திரும்பிப் போவியா? சண்டை ஆயிடும்க்கா."

"ஆவட்டும். உங்க ஊரா இருந்தா நீயும்தான் கூட வந்து நின்னிருப்ப."

அவர் இறங்கியதும் பேருந்து கிளம்பியது. தம்பி ஜன்னல் வழியே பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டென்று எழுந்தார்.

"அண்ணா, நிறுத்துங்க, இறங்கணும்."

"இனிமே அடுத்த ஸ்டாப்புதான் சார்" என்றார் நடத்துநர்.

அது வரும்வரை அவர் உட்காராமல் படிக்கட்டிலேயே நின்றார்.